முடக்குவாதமும் நொதிகளும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிப்பார்க்கு மருத்துவத்தில் என்ன வேலை என நீவிர் வினவலாம். நம்மவர் இல்லங்களில் விரற்கணுக்கள் வீங்கி, விடியற்காலையிற் கையை மடக்கமாட்டாது வருந்துவோர் உளர். அவருட் பெண்டிரே மிகுதி. கடையில் வாங்கிய மாத்திரையால் வலி தணிந்தவுடன் நோயே தீர்ந்ததென்று அவர் எண்ணிவிடுகின்றனர். வலி தணிதல் வேறு, மூட்டுப் பிழைத்தல் வேறு என்பதனை விளக்கவே யாம் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

நொதி யென்பது யாது? உடலினுள் நிகழும் வேதி மாற்றங்களை விரைவுபடுத்தித் தான் செலவாகாது நிற்கும் பொருள். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கின்ற தன்றோ? உமிழ்நீரிலுள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குதலே அதற்குக் காரணம்.

இனி, மூட்டினைக் காண்போம். எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியுள்ளது. மூட்டின் உட்புறத்தே மெல்லிய சவ்வொன்று உண்டு. அது சுரக்கும் நீர், வண்டியச்சிற்கு இடும் மை போல உராய்வைக் குறைக்கும். முடக்குவாதத்தில், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே மயங்கி இச்சவ்வைத் தாக்குகின்றது. வேலியே பயிரை மேய்ந்தாற் போலாம். சவ்வு தடித்து வீங்க, ஆண்டுப் பல நொதிகள் தொழிற்படத் தொடங்குகின்றன. அவற்றுள் இரண்டனை மட்டும் ஈண்டுக் கூறுவோம்.

ஒன்று, சைக்ளோ-ஆக்சிஜனேஸ். வீக்கத்தையும் வலியையும் மிகுவிக்கும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் பிறத்தற்கு இதுவே வாயில். ஆஸ்பிரின் அப்பொருள்கள் உண்டாகாமல் தடுப்பதனை 1971-ஆம் ஆண்டில் ஜான் வேன் என்னும் ஆங்கில அறிஞர் கண்டு கூறினார். 1982-இல் நோபெல் பரிசில் அவரும் பங்கு பெற்றார்.

மற்றொன்று, கொலாஜனேஸ். குருத்தெலும்பிற்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் நாரை அறுப்பது இது. தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எங்ஙனம் கரைகின்றது என ஆராய்ந்து, ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியேர் என்னும் இருவர் 1962-இல் இந்நொதியைக் கண்டனர். 1967-இல், முடக்குவாதமுற்ற மூட்டின் சவ்வைக் கலத்தில் வளர்த்தபோது அதனின்றும் இவ்வகை நொதி வெளிப்பட்டமை அறியப்பட்டது. தவளைக்கு வால் கரைதல் வளர்ச்சி. மாந்தர்க்குக் குருத்தெலும்பு கரைதல் ஊனம்.

அன்பர்காள்! ஆஸ்பிரினும் அதனை யொத்த வலிநீக்கிகளும் முதல் நொதியையே தடுக்கும். மூட்டின் அழிவை நிறுத்தமாட்டா. வலி அடங்கினும் நீறுபூத்த நெருப்புப் போல அழிவு தொடரும். ஒருமுறை அழிந்த குருத்தெலும்பும் கோணிய விரலும் பழைய நிலைக்கு மீளுதல் அரிது.

ஆதலின், நோயின் வேரையே அடக்கும் மருந்துகள் வேண்டும். அவற்றுள் முதன்மையானது மெதோட்ரெக்ஸேட். இதற்கு முன்னோடியாகிய அமினோப்டெரினை ஆக்கிய ஆராய்ச்சிக் குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பார். முடக்குவாதத்திற்கு இம்மருந்தை வாரத்திற்கு ஒருமுறையே உண்ணல் வேண்டும். மறந்து நாடோறும் உண்பின் உயிர்க்கே கேடாம். கருவுற்றார் இதனைத் தொடலாகாது. ஜானஸ் கைனேஸ் என்னும் வேறு நொதிகளைத் தடுக்கும் டோபாசிட்டினிப் என்ற மருந்தும் 2012-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. இவையெல்லாம் மருத்துவர் இரத்தம் சோதித்து அளிக்கவேண்டியவை. அயலார் சொற்கேட்டு வாங்கத்தக்கன அல்ல.

இரு கைகளிலும் விரற்கணுக்கள் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீடித்து, இந்நிலை சில வாரங்கள் தொடருமாயின், 'வயதின் தளர்ச்சி' என்றோ 'வாயு' என்றோ இருந்துவிடாது மருத்துவரை நாடுமின். தம் நோவைச் சொல்லாது அடுக்களையில் உழலும் தாயரையும் தமக்கையரையும் ஆடவர் தாமே வினவி அழைத்துச் செல்லல் கடன். விரல் கோணுமுன் செல்லும் செலவே பயனுடைத்து.