ஆறரை மணிப் பாட்டு, எட்டரை மணிப் பாட்டு

கல்யாண வரவேற்பில் பாட்டுக் கச்சேரி வைப்பது பற்றிப் பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மேடையில் மைக் சரிபார்க்கவே எங்களுக்கு அதைவிட அதிக நேரம் ஆகும். அம்பத்தூரில் சின்னதாக ஒரு மெல்லிசைக் குழு நடத்துகிறேன், கீபோர்டு வாசிப்பவன். ஆவடி, திருமுல்லைவாயல், திருவேற்காடு, பூந்தமல்லி பக்கத்து மண்டபங்களில் எந்த மேடையில் எந்த பிளக் பாயின்ட் வேலை செய்யாது என்பது வரை அத்துப்படி.

நம் பக்கத்தில் வரவேற்பு என்பது முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை. பத்திரிகையில் ‘ஆறரை மணி முதல்’ என்று போட்டிருக்கும். அந்த ஆறரைக்கு யார் வருகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? தாத்தா பாட்டிகள்தான். சி.டி.எச். ரோட்டு நெரிசலுக்குப் பயந்து நாலரைக்கே கிளம்பியவர்கள். ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அலங்காரம் முடிந்து மேடை ஏற ஏழேகால் ஆகும். ஏழரைக்கு மேல் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்தவர்கள் குளித்துவிட்டுக் குடும்பத்தோடு வருவார்கள். எட்டரைக்குத்தான் மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்கள் பெரிய பரிசுப் பெட்டியோடு கும்பலாக நுழைவார்கள். பாட்டு வரிசை போட உட்காரும்போது முதலில் இந்த வருகையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்ன பாட்டு என்பதைவிட, எந்த நேரத்தில் யார் காதில் விழப்போகிறது என்பதுதான் கணக்கு. நம் வீடுகளிலோ மாப்பிள்ளையின் தம்பி தன் செல்போனிலிருந்து நாற்பது குத்துப்பாட்டை அனுப்பிவிட்டு, ‘மேடம், இதையே வரிசையா போட்டுடுங்க’ என்று எங்கள் பாடகியிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.

என்னைக் கேட்டால், வரவேற்பில் உசத்தியான கச்சேரி அந்த முதல் முக்கால் மணி நேரம்தான். பாடகர்களை உட்காரச் சொல்லிவிடுவேன். புல்லாங்குழல், தபேலா, நான், மூன்றே பேர். வாத்தியத்தில் மெட்டை மட்டும் வாசித்தால், கேட்பவர் மனசுக்குள் அவரே பாடிக்கொள்வார். 1961-ல் வந்த ‘பாசமலர்’ படத்தில், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய அந்தக் கல்யாணப் பாட்டு உங்களுக்கே தெரியும், நான் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருடம் ‘சாரதா’வில் கே.வி. மகாதேவன் இசையில் பஞ்சு அருணாசலம் எழுதியது, மருமகளை வீட்டுக்கு வரவேற்கும் பாட்டு. இந்த இரண்டும் இல்லாமல் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் தாலி ஏறியிருக்காது என்றே சொல்வேன். குழலில் முதல் அடி வந்ததும் முன்வரிசையில் நாலைந்து பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு கை தொடையில் தாளம் போட ஆரம்பிக்கும்.

திருமுல்லைவாயலில் ஒரு கல்யாணம். இப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தோம். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், எண்பது வயது இருக்கலாம், பாட்டு முடிந்ததும் பேரனை அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ‘ஏம்ப்பா, நடுவுல வயலின் வருமே, எங்க காணோம்?’ வயலின்காரர் இல்லை, அந்த இடத்தைக் கீபோர்டில்தான் போட்டேன் என்றேன். ‘அதான் பார்த்தேன். எங்க கல்யாணத்துல ரேடியோ செட்டுக்காரன்கிட்ட இருந்ததே மூணு தட்டு. ராத்திரி பூரா அதையே திருப்பித் திருப்பிப் போட்டான். அதுல எங்க வயலின் வரும், எங்க ஊசி தட்டும்னு எல்லாம் தெரியும்’ என்றார். தென்னை மரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட காலத்தின் ரசிகை. அவருக்கு ஆறரை மணிக்குக் குத்துப்பாட்டு போட்டால் நியாயமா, சொல்லுங்கள்.

மெட்டு நன்றாக இருக்கிறது என்று சோகப் பாட்டைக் கேட்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘வசந்த மாளிகை’ 1972-ல் வந்தது. அதில் டி.எம்.எஸ். பாடும் அந்தக் காதல் தோல்விப் பாட்டுக்கு இன்றைக்கும் வரவேற்பு மேடையில் சீட்டு வருகிறது, அதுவும் பெரும்பாலும் மாப்பிள்ளை நண்பர்களிடமிருந்து! பெண் வீட்டார் முகம் என்ன ஆகும்? ஆகவே பெண், மாப்பிள்ளை இருவரையும் உட்கார வைத்து, ‘எது வேண்டாம்’ என்று முதலில் கேட்டு எழுதி வாங்கிவிடுவேன். வேண்டும் பட்டியலைவிட வேண்டாம் பட்டியல்தான் கச்சேரியைக் காப்பாற்றும்.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. ஆவடியில், கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டுக் கல்யாணம். நேயர்களே, ஆவடி வரவேற்பு என்றால் தமிழ்ப் பாட்டு மட்டும் போதாது. அங்குள்ள ஆலைகளுக்கும் படை முகாம்களுக்கும் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வடக்கேயிருந்தும் வந்து தங்கியவர்கள்தான் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். அன்றைக்கு ‘செம்மீன்’ படத்தில் சலில் சௌத்ரி இசையில் மன்னா டே பாடிய பாட்டை எடுத்தோம். அதுவும் பிரிவுப் பாட்டுதான். ஆனால் மேடைக்கு வரிசையில் நின்றிருந்த மலையாளிப் பெரியவர்கள், மொய்க் கவரைப் பையில் செருகிவிட்டு எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இரண்டாவது சரணத்தில் பாடகரைவிட அவர்கள் சத்தம்தான் அதிகம். ‘செம்மீன்’ வந்தது 1965-ல். ஆவடியிலிருந்து விஜயந்தா டாங்கிகள் வெளிவரத் தொடங்கியதும் அதே வருடம்தான். இதை அங்கே நின்ற ஒருவர்தான் எனக்குச் சொன்னார். பாட்டின் பொருளை அன்று யார் பார்த்தார்கள்?

இப்போது நுழைவுக்குச் செண்டை மேளம் வைப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் குறையில்லை, பிரமாதமான வாத்தியம். ஆனால் வாசலில் செண்டை, உள்ளே நாதஸ்வரம், மேடையில் நாங்கள், பக்கவாட்டில் டிஜே. நாலு பேரும் தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கியவர்கள், ஒருவரிடம் மற்றவரைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு கல்யாணத்தில் நாலும் ஒரே நேரத்தில் கிளம்பி, வீடியோக்காரர் காதைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தார். குடும்பத்தில் ஒரு ஆளை, சித்தப்பாவோ அத்தை மகனோ, இதற்கென்றே நிறுத்துங்கள். அவர் கை காட்டினால்தான் அடுத்த வாத்தியம் ஆரம்பிக்க வேண்டும். அவருக்கு அன்று வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள், பந்தி கவனிப்பது உட்பட.

நேரம் ஓடுகிறது, ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்குள் மட்டும் விலக்கு உண்டு. வாசல் பந்தலுக்கும் மொட்டை மாடிக்கும் அது பொருந்தாது. கல்யாணத்தில் சினிமாப் பாட்டுப் பாட உரிமைக் கட்டணம் கட்டச் சொல்லி யாராவது கேட்டால் பயப்படாதீர்கள். 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. மத்திய அரசு 2023 ஜூலையில் இதை மறுபடி தெளிவுபடுத்தி அறிவித்தது. இன்னொன்று, எல்.இ.டி. திரைக்கும் எங்களுக்கும் தனித்தனி லைனில் கரண்ட் கேளுங்கள். ஸ்பீக்கரை வரிசையில் நிற்பவர்கள் காதுக்கு நேராக வைக்கவிடாதீர்கள். பத்து வருடம் கழித்துச் சந்திக்கும் ஒன்றுவிட்ட அக்காவும் தம்பியும் அந்த வரிசையில்தான் பேசிக்கொள்வார்கள். அவர்கள் கத்த வேண்டியிருந்தால் சத்தத்தைக் குறையுங்கள். பாடத் தெரிந்த மாமாவுக்கு ஒரு பாட்டு கொடுங்கள், ஒன்றே ஒன்று, சுருதி பார்த்துவிட்டு.

குழுவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்பீர்கள். யூடியூப் துண்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், அதில் எல்லாருமே நன்றாகத்தான் பாடுவோம். ஆடியில் கல்யாணம் கிடையாது, எங்களுக்கு வேலை மட்டும் உண்டு. திருவேற்காடு, மாங்காடு, அம்பத்தூர் என்று அம்மன் கோயில் திருவிழா மேடைகளில் பாடிக்கொண்டிருப்போம். டிக்கெட் இல்லை, கூழும் உண்டு. வந்து கடைசி வரிசையில் நின்று அரை மணி நேரம் கேளுங்கள். பிடித்திருந்தால் கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து ஆவணித் தேதியைச் சொல்லுங்கள். டைரியோடுதான் இருப்போம். வணக்கம்.