கத்தரிக்காயும் எட்டு ரூபாயும்: நாடாளுமன்றம் விலைவாசி பேசும் விதம்

(இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பற்றிப் பேசுகிறேன் என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் கைபேசியை எடுத்துவிட்டீர்கள். பரவாயில்லை, அதிலேயே ஒரு காணொளியைத் தேடிப் பாருங்கள். 2022 ஆகஸ்ட் 1, மக்களவை. திரிணாமுல் காங்கிரஸ் உறுப்பினர் காகோலி கோஷ் தஸ்திதார் பேசும்போது ஒரு பச்சைக் கத்தரிக்காயைக் கையில் எடுத்துக் கடிக்கிறார். சிலிண்டர் விற்கிற விலையில் எங்களைப் பச்சையாகத் தின்னச் சொல்கிறதா இந்த அரசு என்று கேட்கிறார். அதே நாளில் பாஜகவின் ஜெயந்த் சின்கா எழுந்து, எதிர்க்கட்சிகள் விலைவாசி உயர்வைத் தேடிக்கொண்டே இருக்கின்றன, அது அகப்படவில்லை என்ற பொருளில் பேசுகிறார். அந்த ஜூலையில் டெல்லியில் 14.2 கிலோ சிலிண்டர் 1,053 ரூபாய்.

அன்று செய்திகளில் கத்தரிக்காய்தான் ஓடியது. நானும் சிரித்தேன். பிறகு அந்த விவாதத்தின் பேச்சுகளை உட்கார்ந்து படித்தேன். இந்தப் பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில், இந்த நாடகம் புதிதல்ல. 1973இல் பெட்ரோல் விலை ஏறியபோது வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்தார். மன்மோகன் சிங் ஆட்சியில் ஸ்மிருதி இரானி காலி சிலிண்டரோடு தெருவில் உட்கார்ந்தார். 2021 ஆகஸ்டில் ராகுல் காந்தி சைக்கிளில் வந்தார். வண்டி மாறுகிறது, ஓட்டுகிறவர் மாறுகிறார், பாட்டு ஒன்றுதான். நான் இதைக் கேலி செய்யவில்லை. எதிர்க்கட்சி என்றால் கத்தத்தான் வேண்டும். அந்த விவாதம் நடக்கவேண்டும் என்று பதாகை பிடித்ததற்காக காங்கிரஸ் உறுப்பினர்கள் நான்கு பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், நம் மாணிக்கம் தாகூரும் ஜோதிமணியும் அதில் உண்டு. கத்தாமல் இருந்திருந்தால் விவாதமே வந்திருக்காது.

ஆனால் வந்த விவாதம் எப்படிப்பட்டது? மக்களவை விதி 193. அந்த விதியின் கீழ் பேசலாம், வாக்கெடுப்பு கிடையாது. எத்தனை மணி நேரம் பேசினாலும் முடிவில் அரசு எதற்கும் கட்டுப்படவேண்டியதில்லை. 2010இல் என்ன நடந்தது தெரியுமா? அப்போது பாஜக எதிர்க்கட்சி. வாக்கெடுப்போடு கூடிய விவாதம் வேண்டும் என்று அவர்கள் அவையை முடக்கினார்கள். முடியாது என்றது காங்கிரஸ். கடைசியில் வாக்கெடுப்பு இல்லாத ஒரு சமரசத்தில் விவாதம் முடிந்தது. ஆளும்போது வாக்கெடுப்பு வேண்டாம், எதிரே உட்காரும்போது வேண்டும். இதில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

இப்போது அவர்கள் பேசுகிற மொழிக்கு வருவோம். ஆளுங்கட்சி 'பணவீக்கம்' என்று சொல்லும். எதிர்க்கட்சி 'விலைவாசி' என்று சொல்லும். ஒன்று விழுக்காட்டுக் கணக்கு, இன்னொன்று ரூபாய்க் கணக்கு. 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 விழுக்காடு, ஜூனில் 7.01. குறைந்துவிட்டது பாருங்கள் என்பார் அமைச்சர். குறைந்தது விலை அல்ல, விலை ஏறும் வேகம். 100 ரூபாய்ப் பொருள் 107 ஆகி, மறு ஆண்டு 112 ஆனால், பணவீக்கம் ஏழிலிருந்து ஐந்துக்கும் கீழே வந்துவிட்டது என்று புள்ளிவிவரம் மகிழும். வாங்குகிறவர் 112 கொடுப்பார். அடுத்து, உங்கள் ஆட்சியில் இரட்டை இலக்கம் என்பார்கள். அதுவும் பொய்யில்லை, 2013 நவம்பரில் 11 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அப்புறம் மற்ற நாடுகளைப் பாருங்கள் என்பார்கள். எதிர்க்கட்சி பதிலுக்கு 2014இல் சிலிண்டர் என்ன விலை, இன்று என்ன விலை என்று பட்டியல் வாசிக்கும். இரண்டு தரப்பும் உண்மையான எண்களைத்தான் சொல்கின்றன. விவாதம் முடிகிறது.

எங்கள் ஊர்ப் பெண்கள் இந்த இரண்டு சொல்லையும் பயன்படுத்துவதில்லை. "கட்டுப்படியாகல" என்பார்கள். இந்தச் சொல்லில்தான் முழுப் பொருளாதாரமும் இருக்கிறது. விலை மட்டும் தெரிந்தால் கட்டுப்படியாகுமா ஆகாதா என்று சொல்ல முடியாது. கையில் என்ன வருகிறது என்றும் தெரியவேண்டும். கூலி தெரியவேண்டும். அவையில் கத்தரிக்காய் இருந்தது, சிலிண்டர் இருந்தது. கூலி எங்கே?

சொல்கிறேன். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2021-22இல் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 273 ரூபாய். 2022-23க்கு 281 ரூபாய். எட்டு ரூபாய் ஏற்றம், மூன்று விழுக்காடுகூட இல்லை. அந்த நிதியாண்டின் முதல் மாதத்தில்தான் பணவீக்கம் 7.79. அறிவித்த கூலி முழுதாகக் கைக்கு வராது, வேலையை அளந்து குறைப்பார்கள் என்பது உங்களில் பலருக்கு வீட்டிலேயே தெரியும். கத்தரிக்காயை நாடே பார்த்தது. இந்த எட்டு ரூபாயை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். மூன்று பேர்.

அந்த எட்டு ரூபாய் எப்படி வந்தது என்பது இன்னும் சுவாரசியம், இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அந்தக் கூலி 'வேளாண் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடு' என்ற ஒன்றோடு கட்டப்பட்டிருந்தது. அதன் அடிப்படை ஆண்டு 1986-87. எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை என்பதை 1983இல் எடுத்த நுகர்வுக் கணக்கிலிருந்து தீர்மானித்திருந்தார்கள். அதன்படி உணவின் எடை கிட்டத்தட்ட 69 விழுக்காடு. 1983இல் கைபேசி ரீசார்ஜ் இல்லை. பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பும் வேன் செலவு சேரியில் இல்லை. நாற்பது ஆண்டு பழைய ஒரு குடும்பத்தின் கூடையை வைத்து இன்றைய தொழிலாளியின் கூலியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாற்றுங்கள் என்று மகேந்திர தேவ் தலைமையிலான குழுவே பரிந்துரைத்தது, நடக்கவில்லை. 2025இல்தான் அந்தக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு 2019க்கு நகர்ந்தது. ஊழியர்களின் அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை தானாக ஏறும் நாட்டில் இது.

வேளாண் தொழிலாளி என்பவர் யார்? 2011 கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க உழைப்போரில் 30 விழுக்காடு வேளாண் தொழிலாளர்கள். பட்டியல் சாதி உழைப்போரை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய பாதிப் பேர். நிலக்கணக்கைப் பாருங்கள், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது ஒன்பது விழுக்காட்டுக்கும் குறைவு. நெல் விலை ஏறினால் நிலம் வைத்திருப்பவருக்கு வருமானமும் ஏறுகிறது, செலவும் ஏறுகிறது. நிலமில்லாதவருக்குச் செலவு மட்டும் ஏறுகிறது. அவர் அறுத்துக் கொடுத்த நெல்லை அவரே கடையில் அரிசியாக வாங்குகிறார். ஆகவே 'சாமானியன்' என்று அவையில் எல்லாக் கட்சியும் ஒரே ஆளைக் காட்டும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. விலைவாசிக்கும் சாதி இருக்கிறது. அதிகாரபூர்வ நுகர்வோர் விலைக் குறியீட்டையே பாருங்கள், 2012 அடிப்படையில் நகர்ப்புறக் கூடையில் உணவுக்கும் பானத்துக்கும் 36 விழுக்காடு எடை இருந்தது, கிராமத்துக்கு 54. நாம் மேலே பார்த்த தொழிலாளிக்கு 69. ஒரு பேச்சுக்கு, உணவு விலை 10 விழுக்காடு ஏறுகிறது, மற்றவை 4 விழுக்காடு என்று வையுங்கள். நகரத்துக் கூடைக்கு ஏற்றம் ஆறு சொச்சம். தொழிலாளியின் கூடைக்கு எட்டுக்கு மேல். அவையில் வாசிக்கப்படுவது இவர்கள் எல்லோரையும் ஒன்றாகக் கலந்த ஒரே எண்.

இந்த இடத்தில் வெங்காயத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2019 டிசம்பரில் வெங்காயம் பல ஊர்களில் கிலோ நூறைத் தாண்டியது. மக்களவையில் நிர்மலா சீதாராமன் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது யாரோ குறுக்கிட, நான் வெங்காயம் பூண்டு அதிகம் சாப்பிடுவதில்லை, அப்படியொரு குடும்பத்திலிருந்து வருகிறேன் என்றார். நியாயமாகச் சொல்லவேண்டும்: அது விலைக் கேள்விக்கான பதில் அல்ல, குறுக்கீட்டுக்கான பதில். அதை மட்டும் வெட்டிப் பரப்பினார்கள். சரி. ஆனால் மறுநாள் இன்னொரு அமைச்சர் அஸ்வினி குமார் சௌபே, நான் சைவம், வெங்காயத்தைச் சுவைத்ததே இல்லை, அதன் நிலவரம் எனக்கு எப்படித் தெரியும் என்றார். இதை எந்த வெட்டும் காப்பாற்றாது. எந்தக் குடும்பங்களில் வெங்காயம் பூண்டு விலக்கு, ஏன் விலக்கு என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கவேண்டியதில்லை. ஒரு சாதியின் தூய்மைப் பழக்கம், நாட்டின் உணவு விலை தனக்குத் தெரியாது என்பதற்குச் சாக்காகிறது.

அதற்கு ப. சிதம்பரம் என்ன கேட்டார்? அப்படியானால் அவர் அவகாடோ சாப்பிடுகிறாரா என்று கேட்டார். நல்ல நக்கல். இதே சிதம்பரம் 2012இல் உள்துறை அமைச்சராக இருந்தபோது, தண்ணீர் பாட்டிலுக்கு 15 ரூபாயும் ஐஸ்கிரீமுக்கு 20 ரூபாயும் கொடுக்கிறார்கள், அரிசி கோதுமைக்கு ஒரு ரூபாய் கூடினால் பொறுக்கமாட்டேன் என்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். நடுத்தர வர்க்கத்தைச் சொன்னேன் என்று பிறகு விளக்கமும் வந்தது. 2013இல் காங்கிரஸின் ராஜ் பப்பர், மும்பையில் 12 ரூபாய்க்கு வயிறாரச் சாப்பிடலாம் என்றார். அந்தச் சமயத்தில் திட்டக்குழு கிராமத்தில் ஒருவருக்கு நாளுக்கு 27 ரூபாய் 20 காசை வறுமைக்கோடாக வைத்திருந்தது. கட்சி மாறுகிறது, தட்டு மாறவில்லை.

அரிசி வரிக்கு வருவோம். 2022 ஜூலை 18 முதல், பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, மாவு, தயிர், மோருக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிகள் கொதித்தன. நிதியமைச்சர் என்ன சொன்னார்? இதைப் பரிந்துரைத்த அமைச்சர்கள் குழுவில் மேற்கு வங்கம், கேரளம், ராஜஸ்தான் எல்லாம் இருந்தன என்றார். மூன்றுமே அப்போது பாஜக ஆளாத மாநிலங்கள். கவுன்சில் கூட்டம் மூடிய அறையில் நடக்கிறது, அவை நேரலையில் நடக்கிறது. இங்கே தமிழ்நாட்டில் ஆவினும் தயிர் விலையை ஏற்றியது. அதற்கு தமிழ்நாட்டு பாஜக போராட்டம் பேசியது, வரியைப் போட்ட கட்சி!

அந்த வரியில் ஒரு ஓட்டை. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு வரி இல்லை. உடனே நம் ஊரில் 26 கிலோ அரிசி மூட்டை பிறந்தது, கடைகளில் பார்த்திருப்பீர்கள். மூட்டையாக வாங்கப் பணமுள்ளவருக்கு வரி போயிற்று. ஐந்து கிலோ பை வாங்குகிறவர் வரி கட்டுகிறார். சில்லறையாக அளந்து வாங்கினால் வரி இல்லை, உண்மைதான். ஆனால் தினக்கூலிக்காரர் அன்றன்றைக்கு அரைக்கிலோ, கால் லிட்டர் என்று வாங்கும்போது கிலோவுக்கு எப்போதுமே கூடுதல் விலைதான் கொடுக்கிறார். கடன் சொல்லி வாங்கினால் பேரம் பேசும் வாயும் போய்விடும். என் அம்மா பத்து ரூபாய்க்கு எண்ணெய் வாங்கிவரச் சொல்லி அனுப்புவார். எவ்வளவு ஊற்றினார்கள் என்று கேட்கமாட்டார், கேட்டால் பழைய பாக்கி நினைவுக்கு வரும்.

பெட்ரோலும் இதே கதை என்பதால் சுருக்கமாக. 2014இல் ஒன்றிய அரசின் கலால் வரி லிட்டர் பெட்ரோலுக்கு 9 ரூபாய் 48 காசு. 2020 மே மாதம் 32 ரூபாய் 98 காசு. பிறகு இரண்டு முறை குறைத்து 19 ரூபாய் 90 காசுக்கு வந்தது. அப்போதும் இரண்டு மடங்குக்கு மேல் நின்ற ஒன்றை 'குறைத்தோம்' என்று வாழ்த்து வாங்கினார்கள்.

இதையெல்லாம் நாம் ஏன் பேசவேண்டும், சாதி ஒழிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சென்ற கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். அம்பேத்கர் 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றி நூல் எழுதினார் என்பதைச் சுவரொட்டியில் போடுகிறோம். உள்ளே என்ன வாதம் என்று பார்ப்பது குறைவு. 1925இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன்னும் அவர் சாட்சியம் சொன்னார். ரூபாயின் மதிப்பைக் குறைத்தால் தொழில் வளரும் என்று பம்பாய் முதலாளிகள் அன்று கேட்டார்கள். தேசியவாதிகளும் கூடவே நின்றார்கள். அம்பேத்கர் கேட்டது வேறு: அந்த ஆதாயம் யாருடைய பையிலிருந்து வருகிறது? விலை முதலில் ஏறும், கூலி பின்தங்கும், அந்த இடைவெளிதான் முதலாளியின் லாபம். நாட்டுக்கு வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை, உள்நாட்டில் ஒரு வர்க்கத்திடமிருந்து இன்னொரு வர்க்கத்துக்குப் போகிறது. 'தேசத்துக்கு நல்லது' என்ற சொல்லைப் பிரித்து, தேசத்தில் யாருக்கு என்று கேட்ட மனிதர் அவர்.

அந்தக் கேள்வியைக் கேட்க அவையில் ஆட்கள் இல்லாமல் இல்லை. மக்களவையில் பட்டியல் சாதியினருக்கு 84 தனித்தொகுதிகள் இருக்கின்றன. ஆனால் பேசும் நேரம் கட்சிக்கு ஒதுக்கப்படுகிறது, யார் பேசுவது என்பதைக் கட்சி முடிவு செய்கிறது, வாக்கு என்று வந்தால் கொறடா இருக்கிறார். தனித்தொகுதியில் எல்லோரின் வாக்கையும் வாங்கி வந்தவர் வேளாண் கூலியைப் பற்றி அழுத்திப் பேசினால், அந்தத் தொகுதியில் நிலம் வைத்திருப்பவர் அடுத்த முறை பார்த்துக்கொள்வார். இதை அவரவர் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். பூனா ஒப்பந்தத்தில் தொடங்கிய கணக்கு அது.

விவாதத்தில் வாய்ப்புக் கிடைக்காத உறுப்பினரும் எழுத்துப்பூர்வக் கேள்வி கேட்கலாம். அதற்கு அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினர் இதுவரை கேட்ட கேள்விகள் முழுக்க மக்களவை இணையதளத்தில் பெயர் வாரியாக இருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் உங்கள் உறுப்பினரின் பட்டியலைப் பார்த்துவிட்டு வாருங்கள். விலை என்ற சொல் எத்தனை முறை, கூலி என்ற சொல் எத்தனை முறை என்று எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள். கட்சி பார்க்கவேண்டாம், நமக்குப் பிடித்த கட்சியாக இருந்தாலும் எண்ணுங்கள். அதை வைத்து அவருக்கு நாம் எழுதப்போகும் கடிதத்தை இங்கேயே உட்கார்ந்து தயாரிப்போம்.