நீர் வடிந்தபோது கண்ட ஊர்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சென்ற பங்குனித் திங்களில் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில, சண்டிகரிலிருந்து பேருந்தில் இமாசல மலைநாட்டுக்குச் சென்று வந்தோம். உடன்வர இயலாத அன்பர்களுக்காக, கண்டவற்றுள் சிலவற்றைக் கூற விழைகிறோம்.

முதலில் சட்லெஜ் நதியைத் தடுத்து நிற்கும் பக்ரா அணையைக் கண்டோம். உயரம் 226 மீட்டர். 1963-இல் பண்டித நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தது. பொறியாளர் நண்பர் ஒருவர் விளக்கத் தொடங்கியதும் பிள்ளைகள் முறுக்குப் பொட்டலத்தைத் தேடலாயினர்.

பின்னர், இலவ மரங்கள் இலையுதிர்த்துச் செம்பூச் சுமந்து நின்ற மலைச்சரிவுகளைக் கடந்து பிலாஸ்பூர் அடைந்தோம். பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் நீர் சென்றுவிடுவதால், வேனிற்காலத்தில் கோவிந்த சாகர் ஏரி தாழ்ந்துவிடும். அப்போது, அணைநீரில் மூழ்கிய பழைய பிலாஸ்பூரின் கோயில்கள் தலைகாட்டுகின்றன. வண்டலில் பாதி புதைந்த கற்சிகரங்களைச் சுற்றிச் சிறுவர்கள் பந்தாடிக்கொண்டிருந்தனர்.

அங்கே ஒரு முதியவரைக் கண்டோம். அவர் சிறுவனாயிருந்தபோது ஊர் நீருள் சென்றதாம். வெறும் சேற்றைச் சுட்டி, “அது எங்கள் முற்றம்” என்றார். குடிபெயர்ந்தோருள் சிலர் தொலைவிலுள்ள ஹிசார்ப் பக்கம் நிலம் பெற்றுச் சென்றனர். இவர் குடும்பத்தார் மேலே எழுந்த புதிய ஊரிலேயே தங்கிவிட்டனர். நாங்கள் சண்டிகர்வாசிகள் என்றதும், “அங்கே மின்சாரம் தடையின்றி வருகிறதா?” என்று வினவினார். வசையாக அன்று, வீட்டை விட்டுச் சென்ற பிள்ளையின் நலம் கேட்பதுபோலக் கேட்டார். முந்தின வாரம் ஒரு மணி நேர மின்தடைக்கு நாம் எழுப்பிய கூக்குரல் எங்களுக்கு நினைவுக்கு வந்தது. “வருகிறது, ஐயா” என்று மட்டும் சொன்னோம்.

எங்களுடன் வந்த சேலத்து அம்மையார் ஒருவர், மேட்டூர் நீர் வற்றும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளிப்படுவதை அரைகுறை இந்தியில் அவருக்கு எடுத்துரைத்தார். முதியவர் வியந்து, அங்கும் சிறுவர்கள் பந்தாடுவார்களா என்று கேட்டார்.

அப்பால் சென்ற வழியில் வியத்தகு செய்தியொன்று: பண்டோவில் தடுக்கப்படும் பியாஸ் நதிநீர், மலையைக் குடைந்த சுரங்கங்களின் வழியே வந்து, தெஹர் மின்நிலையத்தை இயக்கிச் சட்லெஜில் சேர்கிறது. மண்டியின் கற்கோயில்களை அந்திக்குள் அவசரமாகவே தரிசித்தோம். மறுநாள் ஜோகிந்தர் நகரில் 1933-இல் தொடங்கிய ஷானன் மின்நிலையம். நம் பைக்காராவுக்கு ஓராண்டு இளையது.

விடுமுறைக்கு ஊர் செல்வோர் பண்ணவாடியையும் பார்த்து வரவேண்டுமென்பது அவ்வம்மையாரின் வேண்டுகோள். அணையின் நீர்மட்டத்தை விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.