ஈரலில் கொழுப்பும் இடுப்பின் சுற்றளவும்

(நூற்றாண்டு விழாவையொட்டி எமது மண்டபத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நான் கடைசியாகப் பேசியது உயர்தர வகுப்பில், விவாதப் போட்டியொன்றில். அன்று தோற்றுப்போனோம். இன்று எதிரணி இல்லாதபடியால் துணிந்து வந்திருக்கிறேன்.

பதினைந்து வருடங்களுக்கு முன், பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக என் அம்மாவுக்கு வயிற்றில் ஸ்கான் எடுத்தோம். கல் இல்லை. அறிக்கையின் அடியில் மட்டும் ‘ஈரலில் கொழுப்பு, முதலாம் நிலை’ என்று ஒரு வரி. “இது கனபேருக்கு இருக்கிறதுதான் அம்மா” என்று சொல்லி, அதை மடித்து அலுமாரிக்குள் வைத்தவள் நான்தான். அப்போது நான் வைத்தியராகி மூன்று வருடம். அம்மாவுக்குச் சலரோகமும் பிறஷரும் இருந்தன. அவற்றுக்கு ஒழுங்காக மருந்து எடுத்தார். அந்த ஒரு வரியை இவற்றோடு சேர்த்து வாசிக்க எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பது வருடங்கள் கழித்து அம்மாவின் வயிற்றில் நீர் தேங்கியது. ஈரல் இறுகிச் சுருங்கியிருந்தது. வாழ்நாளில் மதுவைத் தொடாத அவரிடம் வார்ட்டில் மூன்று பேர் “குடிப்பீங்களா?” என்று கேட்டார்கள். செத்தவீட்டிலும் அந்தக் கேள்வி மெல்லிய குரலில் வந்தது.

உயிரியல் வகுப்பில் ‘அனுசேபம்’ படித்தோமே, நினைவிருக்கிறதா? அந்த அனுசேபம் குழம்புவதைத்தான் மெற்றபோலிக் சின்ட்ரோம் என்கிறோம். ஐந்து அளவுகளில் மூன்று பிழைத்தால் அந்தப் பெயர் பொருந்தும். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல். இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல். வெறும்வயிற்றுச் சீனி 100 அல்லது அதற்கு மேல். ரைகிளிசரைட் 150 அல்லது அதற்கு மேல். நல்ல கொலஸ்திரோல் 50இற்குக் கீழ். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: அங்கே 88 சென்ரிமீற்றர் என்ற அளவையும் பாவிப்பார்கள். தெற்காசியப் பெண்களாகிய எமக்கு 80தான். மெலிந்த கை கால்களோடு வயிற்றில் மட்டும் கொழுப்புச் சேரும் உடம்பு எம்முடையது.

சாப்பிட்டதும் இன்சுலின் ஈரலிடம் “சீனி விட்டது போதும்” என்று சொல்கிறது. வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்தவரின் ஈரலுக்கு அது சரியாகக் கேட்பதில்லை. விசித்திரம் என்னவென்றால், அதே இன்சுலின் “கொழுப்பை ஆக்கு” என்று சொல்வது மட்டும் நன்றாகவே கேட்கிறது. ஈரல் சீனியையும் விடுகிறது, கொழுப்பையும் ஆக்கி ஒரு பகுதியை இரத்தத்துக்கு அனுப்பி மிச்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. இப்படி ஒன்று மற்றதை வளர்க்கிறது. ஈரலில் கொழுப்புள்ளவர்களில் அதிகம் பேரின் உயிரை எடுப்பது ஈரல் நோயல்ல, இருதய நோய். 2023இல் உலக ஈரல் நிபுணர்கள் இந்த நோயின் பெயரையே மாற்றி, அனுசேபத்தோடு சேர்த்து அழைக்கத் தொடங்கினார்கள். அம்மாவிடம் கேட்கப்பட்ட கேள்வியை நினைத்தால், நல்ல மாற்றம்தான்.

இது அரிதானதும் அல்ல. ராகமையில் 35 முதல் 64 வயதுவரையானவர்களிடம் செய்த ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது இருந்தது. மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு ஆபத்துக் கூடுகிறது. சூலகக் கட்டி நீர்ப்பைகளோ, கர்ப்பகாலச் சலரோகமோ இருந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஸ்கானில் போடும் ‘நிலை’ கொழுப்பின் அளவைச் சொல்லுமே தவிரத் தழும்பைச் சொல்லாது. உங்கள் வயது, இரண்டு ஈரல் நொதியங்கள், இரத்தச் சிறுதட்டு எண்ணிக்கை ஆகிய நான்கையும் கொண்டு தழும்புக்கான ஆபத்தைக் கணிக்கலாம். சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

‘ஈரலைக் கழுவும்’ பானங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். எழுபது கிலோ உள்ள ஒருவர் மூன்றரைக் கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்புக் குறையத் தொடங்கும். ஐந்து, ஏழு கிலோ குறைத்தால் அழற்சியும் தணியும். சோற்றைக் கால் கோப்பையாக்கி, மீதியை மரக்கறி, பருப்பு, மீனுக்கு விடுங்கள். தேத்தண்ணிக்குச் சீனியை நிறுத்துங்கள். பனங்கட்டியும் சீனிதான், அக்காமார் கோபிக்க வேண்டாம்.

பழைய தையல் அறையில் அளவுநாடாவோடு இருப்பேன். கேக் பரிமாற முன் வாருங்கள்.