பேர் தெரியாத மாத்திரை வேண்டாம்



காய்ச்சல் அடித்தால் என்ன செய்கிறோம்? தெருமுனை மருந்துக் கடைக்குப் போய், "உடம்பு வலி, சளி, ஒரு செட் குடுங்க" என்கிறோம். நாலைந்து அட்டைகளில் கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருகிறார்கள். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. பேரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. நாமும் கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு கணக்குப் போடுவோம். காய்ச்சலுக்கு வீட்டில் இருப்பது பாராசிட்டமால் 650 மில்லிகிராம். சளிக்கென்று வாங்கும் மாத்திரைகள் பலவற்றிலும் அதே பாராசிட்டமால் 500 இருக்கிறது. இடுப்புவலிக்குத் தரும் கூட்டு மாத்திரையில் 325. மூன்றையும் மூன்று வேளை விழுங்கினால் 4,425 மில்லிகிராம்! ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைய உச்சவரம்பு 4,000. குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் அவ்வளவுகூட ஆகாது. அளவு மீறினால் கல்லீரல் கெடும். கொடுமை என்னவென்றால், முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது. முறிவு மருந்து இருக்கிறது. ஆனால் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும். பேர் தெரியாமல் விழுங்கியவர் மருத்துவரிடம் என்னவென்று சொல்வார்?

தாய்மார்களே, கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் பாராசிட்டமால். சிரப்பில் ஐந்து மில்லிக்குத்தான் 125. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை ஐந்து மில்லி ஊற்றினால், பெரியவர்கள் போடும் 500 மாத்திரை முழுதாகப் பிள்ளையின் வயிற்றுக்குள் போகிறது. சமையல் கரண்டியும் வேண்டாம். பாட்டிலோடு வரும் அளவு மூடிதான் அளவு.

மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். அப்போது இபுபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும். அந்தக் கவருக்குள் அவை இல்லை என்று யார் உறுதி சொல்வது?

மருந்துக் கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. மருந்து படித்தவர் அங்கே இருக்க வேண்டும் என்பது சட்டம். அவரிடம் கேட்பது நம் உரிமை. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து. மற்றவற்றைப் பேரும் தேதியும் தெரிகிற அட்டையாகவே கேளுங்கள். பில் கேளுங்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லி வாங்குங்கள். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விடவில்லையா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.