மைனஸ் ஒன்றின் மடக்கை

கணினியில் எக்செல் விரிதாளைத் திறந்து, மைனஸ் ஒன்றின் இயல் மடக்கையை ‘எல்என்’ என்ற சார்பிடம் கேட்டுப் பாருங்கள். பிழை என்று சொல்லிவிடும். அந்தச் சார்புக்கு முன்னால் ‘ஐஎம்’ சேர்த்து ‘ஐஎம்எல்என்’ என்று கேளுங்கள். 3.14159 என்று பை வரும், வாலில் ஒரு ‘ஐ’யோடு. கலப்பெண்களுக்கென்றே உள்ள சார்பு அது.

மைனஸ் ஒன்றுக்கு மடக்கை உண்டா என்று 1712, 1713-இல் லைப்னிட்சும் ஜோஹன் பெர்னூலியும் கடிதத்திலேயே மல்லுக்கட்டினார்கள். கற்பனை எண் என்றார் லைப்னிட்ஸ். சுழியம்தான் என்றார் பெர்னூலி. அவர் பக்கம் பேச ஒரு வாதம் உண்டு: மைனஸ் ஒன்றை மைனஸ் ஒன்றால் பெருக்கினால் ஒன்று, ஒன்றின் மடக்கை சுழியம். மைனஸ் ஒன்றின் மடக்கையை இருமடங்காக்கினால் சுழியம் வருகிறது என்றால் அதுவும் சுழியமாகத்தானே இருக்க வேண்டும்? கேட்டால் மறுக்கத் தோன்றாது.

பெர்னூலியிடம் படித்த ஆய்லர்தான் முடிச்சை அவிழ்த்தார். அவர் கட்டுரை 1751-இல் பெர்லினில் அச்சானது. சுழியம் தவிர எந்த எண்ணுக்கும் மடக்கை ஒன்றல்ல, எண்ணற்றவை. ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து இரண்டு பை ‘ஐ’ தள்ளி நிற்கும் என்றார்.

காரணம் கோணம். 3 கூட்டல் 4ஐ என்ற எண்ணைத் தளத்தில் குறித்தால், மையத்திலிருந்து அதன் தொலைவு 5, கோணம் 0.9273 ரேடியன். அந்த எண்ணின் மடக்கையில், ஐந்தின் மடக்கையான 1.6094 மெய்ப்பகுதி, கோணம் கற்பனைப் பகுதி. ஒரு முழுச் சுற்று சுற்றினாலும் புள்ளி அங்கேயேதான் இருக்கும், கோணம் மட்டும் கூடிவிடும். விரிதாளோ மைனஸ் பைக்கும் பைக்கும் இடைப்பட்ட ஒன்றை மட்டும் தருகிறது.

அதனால் மைனஸ் ஒன்றின் மடக்கையை இரண்டு முறை கூட்டினால் 6.2832ஐ வரும், ஒன்றின் மடக்கையைக் கேட்டால் சுழியம் வரும். ஆய்லர் சொன்ன இரண்டு பை அங்கே தெரிகிறது. கூட்டும்போது கூட்டல் குறி போடாதீர்கள். எக்செல் கலப்பெண்ணை வெறும் எழுத்துச் சரமாகத்தான் வைத்திருக்கிறது. ‘ஐஎம்சம்’ சார்புதான் வேண்டும்.

மின் அலை ஒன்றின் கோணத்தை வரிசையாகக் கணக்கிடுகிறவர்கள் இந்த இரண்டு பைத் தாவலைக் கவனிக்க வேண்டும். 3.1 வரை ஏறிய எண் அடுத்த கட்டத்தில் மைனஸ் 3.1 என்று விழுந்தால் அலையில் கோளாறு இல்லை. அங்கிருந்து கீழே உள்ள கட்டங்களில் எல்லாம் 6.2832-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.