செவிவழி திறக்கும் ஜன்னல்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கைப்பேசிச் செயலிகளின் வாயிலாக வேற்று நாட்டார்க்கு ஆங்கிலப் பேச்சைக் கற்பித்தல் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். பொழுது விடிந்தால் வாழ்த்துப் படங்களைச் சுமந்து வரும் வாட்ஸ்அப்புக்கும் கல்விக்கும் என்ன உறவு என்று உங்களிற் சிலர் நகைக்கலாம். உறவு உண்டு.

2009-ஆம் ஆண்டில் பி.பி.சி. வங்கதேசத்தில் ‘ஜானலா’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. கைப்பேசியில் 3000 என்ற எண்ணை அழைத்தவர்க்கு மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் ஒலித்தது. ஜானலா என்னும் வங்கச் சொல்லும் நம் ஜன்னலும் போர்த்துகீசியச் சொல் ஒன்றிலிருந்து பிறந்த உடன்பிறப்புகளே. ஆயினும், பதிந்து வைத்த பாடம் பேசுமேயன்றி, மாணவரின் நாவு எங்கே இடறுகிறது என்று கேட்டுத் திருத்தாது.

2013-இல் வாட்ஸ்அப்பில் குரற்பதிவு வசதி வந்தது. ஆசிரியர் ஒரு வாக்கியத்தைப் பேசி அனுப்புகிறார். மாணவி அதைப் பலமுறை கேட்கிறாள். தானும் பேசிப் பதிகிறாள். பிடிக்கவில்லையேல் அழித்துவிட்டு மீண்டும் பேசுகிறாள். மனம் நிறைந்த பின்னரே அனுப்புகிறாள். பிறர் நகைப்பரே என்ற அச்சம் அங்கில்லை. ஆசிரியரும் தமக்கு ஓய்வான நேரத்தில் கேட்டு, ஒரே ஒரு திருத்தம் சொன்னாற் போதும்.

இது நமக்கு எதற்கு என்பீர்கள். இதே தில்லியில், லாஜ்பத் நகரிலும் போகலிலும் ஆப்கானியக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் நாட்டில் 2021-இல் ஆட்சி மாறியபின், பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளிகள் அடைக்கப்பட்டன. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் அடைக்கப்பட்டன. பள்ளிக் கதவு சாத்தப்பட்ட பெண்ணுக்குக் கைப்பேசியே வகுப்பறை ஆகிறது. புகலிடம் தேடி வந்தவர்க்கோ, ஆங்கிலம் வேலைக்கும் மேற்படிப்புக்கும் வழி.

அவர்களுக்குக் கற்பிக்க நம்மிடம் ஒரு தகுதி உண்டு. தாரி மொழி பேசுவோர் பலர் ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்பர். நகைக்க வேண்டா! தமிழும் தனிமெய்யைச் சொல்லின் முதலில் வைக்க இசையாது. தொல்காப்பியம் வகுத்த நெறி அது. நம் பாட்டிமார் ‘ஸ்டேஷ’னை ‘டேசன்’ ஆக்கியதும் அதனாலேயே. இடறிய நாவுக்குத்தான் இடறும் இடம் தெரியும். அன்றியும், இந்நகருக்கு வந்து காய்கறிக் கடையிலும் பேருந்திலும் செவிவழியே இந்தி கற்ற குடும்பங்கள் நம்முடையவை. அந்நிய மொழியில் வாய் திறக்கும் கூச்சத்தை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

சில எச்சரிக்கைகளும் தேவை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவரின் எண் எல்லார்க்கும் தெரியும். ஆதலால் பெண்களுக்குப் பெண்களே ஆசிரியராய், சிறு குழுக்களாய் அமைதல் நலம். மாணவியின் குரலை அவள் இசைவின்றிப் பிறர்க்கு அனுப்புதல் தகாது. பாடமன்றி வேறு செய்தி எதுவும் குழுவினுள் நுழையலாகாது.

ஓய்வு பெற்ற ஆசிரியைகளும் அலுவலர்களும் நம் காலனிகளில் உள்ளனர். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், ஐந்தே மாணவியர் — இவ்வளவே நான் வேண்டுவது. செயலி குரலைக் கொண்டு சேர்க்கும். பொறுமையோடு கேட்கும் செவியை நாமே தருதல் வேண்டும். வந்தாரை வரவேற்ற ஊரில் வாழ்கிறோம். நமக்குப் பின் வந்தாரை நாம் வரவேற்போமாக!